ரோகு குஞ்சுக்கு ஏரோமோனாஸ் தடுப்பூசி: ஆர்.பி.எஸ். 43 வந்திருக்கிறது, இதை நம்பலாமா?

நிலா (யெலஹங்கா):

வணக்கம். ரோகு கெண்டையின் விரல் குஞ்சுகளுக்கு, ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலா என்ற பாக்டீரியாவின் கொன்ற செல் தடுப்பூசி ஒன்றைச் சோதித்துக்கொண்டிருக்கிறோம். நெறிமுறைக் குழு அனுமதி கையில் இருக்கிறது. செய்முறையை அப்படியே தருகிறேன், தவறு எங்கே என்று சொல்லுங்கள்.

கிருமியை ஹொஸ்கோட்டே பக்கத்துக் குளம் ஒன்றில் டிசம்பரில் செத்து மிதந்த ரோகுவின் புண்ணிலிருந்து எடுத்தோம். பாக்டீரியா இனத்தை அடையாளம் காட்டும் 16எஸ் மரபணுவின் வரிசை பார்த்ததில் ஹைட்ரோஃபிலா என்று வந்தது. டிரிப்டிக் சோய் திரவத்தில் 30°செ.-ல் 24 மணி நேரம் வளர்த்து, 1% ஃபார்மலினில் 48 மணி நேரம் வைத்து, பி.பி.எஸ். என்ற உப்புத் தாங்கல் கரைசலில் ஒரு முறை கழுவி, மி.லி.-க்கு 10⁹ செல் என்று சரிசெய்தோம். அதோடு ஃபிராயிண்டின் குறைவுற்ற அட்ஜுவன்ட்டை (எதிர்ப்பைத் தூண்டும் எண்ணெய்) சமபங்கு கலந்து, 12 கிராம் மீனுக்கு வயிற்றறையில் 0.1 மி.லி. போட்டோம். கொட்டகையில் ஹீட்டர் இல்லை, தண்ணீர் 20, 21°செ.-ல்தான் இருந்தது. 14-ஆம் நாள் அதே கிருமியை மீனுக்கு 10⁷ வீதம் வயிற்றறையில் செலுத்தி 7 நாள் பார்த்தோம். கட்டுப்பாட்டுக் குழுவில் 20-க்கு 7 செத்தது, தடுப்பூசிக் குழுவில் 20-க்கு 4. கணக்கில் ஆர்.பி.எஸ்., அதாவது கட்டுப்பாட்டோடு ஒப்பிட்டால் தடுப்பூசிக் குழுவில் சாவு குறைந்த விழுக்காடு, 43.

கேள்விகள் மூன்று. இந்த 43-ஐ நம்பி அடுத்த கட்டம் போகலாமா? தடுப்பூசி போட்ட மீன்களை அறுத்தபோது குடல் வயிற்றுச் சுவரோடு ஒட்டிக் கிடந்தது, இது சாதாரணமா? குளத்துக்காரர்கள் ஒவ்வொரு மீனையும் பிடித்து ஊசி போட மாட்டார்கள் என்பதால் தீவனத்தில் கலந்து கொடுக்கும் வடிவத்துக்கு இப்போதே மாறிவிடலாமா?

சேது (ஹெப்பாள்):

நிலா, தடுப்பூசிச் செய்முறைக்குப் போகும் முன் கிருமியைப் பற்றிப் பேச வேண்டும். இங்கேதான் எனக்குப் பெரிய சந்தேகம்.

செத்து மிதந்த மீனின் புண்ணில் ஏரோமோனாஸ் கிடைக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். அது தண்ணீரிலும் மீன் குடலிலும் எப்போதும் இருக்கும் கிருமி, மீன் செத்த சில மணி நேரத்தில் உடல் முழுக்கப் பரவிவிடும். மாதமும் டிசம்பர். குளிர்மாதங்களில் கர்நாடகக் குளங்களில் புண் என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இ.யு.எஸ். எனப்படும் புண்நோய். அதற்குக் காரணம் அஃபனோமைசிஸ் இன்வாடன்ஸ் என்ற பூஞ்சை போன்ற உயிரி. அது திறந்துவிட்ட புண்ணில் ஏரோமோனாஸ் பின்னால் வந்து குடியேறும். அப்படி வந்த ஒன்றை வைத்துத் தடுப்பூசி செய்தால், ஆய்வகத்தில் எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் குளத்தில் சாவு குறையாது. புண்ணின் ஓரத் தசையில் ஒரு துண்டைக் கண்ணாடித் தகட்டில் நசுக்கி மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். குறுக்குச் சுவர் இல்லாத அகலமான இழைகள் தசைக்குள் ஓடினால் இந்த மாதிரியை ஒதுக்கிவிடலாம். ஆர்குலஸ் பேன் கடித்த இடத்திலும் இதே மாதிரி இரண்டாம் தொற்று வரும், உடலில் பேன் இருந்ததா என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.

சாகும் தறுவாயில், சமநிலை தவறி மேலே நீந்தும் மீன்தான் சரியான மாதிரி. குளக்கரையிலேயே அறுத்து எடுப்பது நல்லது. முடியாவிட்டால் ஆக்சிஜன் பையில் உயிரோடு கொண்டுவாருங்கள். உடலின் வெளிப்புறத்தை 70% ஆல்கஹாலால் துடைத்து, முன்சிறுநீரகத்திலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் லூப்பால் எடுத்துத் தட்டில் இழுக்க வேண்டும். ஒரே வகைக் காலனி தட்டு நிறைய வந்தால் அது ரத்தத் தொற்று. மூன்று நான்கு வகை கலந்து வந்தால் அசுத்தம் அல்லது அழுகல், அதை வைத்துக்கொண்டு மேலே போக வேண்டாம். ஒரு குளத்தில் குறைந்தது 5, 6 மீனாவது பாருங்கள்.

அடையாளத்துக்கு 16எஸ் மட்டும் போதாது. ஏரோமோனாஸ் இனங்களுக்குள் அந்த மரபணு அவ்வளவு நெருக்கம். ஜைர்-பி, ஆர்.பி.ஓ.-டி என்ற இரண்டு மரபணுக்களையும் வரிசைப்படுத்துங்கள். ஹைட்ரோஃபிலா என்று நினைத்தது வெரோனி ஆகவோ தாகென்சிஸ் ஆகவோ மாறிவிடுவது இந்தத் துறையில் அடிக்கடி நடப்பது. பெயர் மாறினால் என்ன என்று தோன்றலாம், ஆனால் இந்தக் கிருமிகளின் மேல்தோலில் இருக்கும் எல்.பி.எஸ். என்ற கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த பொருளின் வகைகள் ஏராளம். ஒரு வகைக்கு எதிரான எதிர்ப்பொருள் இன்னொரு வகையை அடையாளம் காணாமல் போகும். நார்வேயின் சால்மன் பண்ணைகளில் ஃபுருங்குலோசிஸ் என்ற கொப்புள நோய்க்கான தடுப்பூசி அவ்வளவு சிறப்பாக வேலை செய்ததற்கு ஒரு காரணம் ஏரோமோனாஸ் சால்மோனிசிடா பெரும்பாலும் ஒரே முகம் கொண்ட கிருமி என்பது. 1987-ல் அங்கே கிட்டத்தட்ட 50 டன் ஆண்டிபயாட்டிக் போனது, எண்ணெய் கலந்த தடுப்பூசி பரவிய பிறகு 1990-களின் நடுவில் ஒரு டன் அளவுக்கு இறங்கியது. நம் குளத்து ஏரோமோனாஸிடம் அந்த ஒருமை கிடையாது. ஆகவே நான்கைந்து குளங்களிலிருந்து கிருமி எடுத்து, ஒன்றின் எதிர்ச்சீரம் மற்றவற்றின் செல்களை ஒட்டவைத்துக் கட்டியாகத் திரட்டுகிறதா என்று தட்டில் பார்த்துவிட்டுத்தான் விதைக் கிருமியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேவைப்பட்டால் இரண்டு மூன்றைச் சேர்த்தே தடுப்பூசி செய்யுங்கள்.

தேர்ந்ததும் 20% கிளிசராலில் -80°செ.-ல் சிறு சிறு குப்பிகளாக உறையவையுங்கள். ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு புதிய குப்பி. சாய்வு ஊடகத்தில் மாதக்கணக்கில் மாற்றி மாற்றி வளர்த்த கிருமி தன் வீரியத்தை இழக்கும்.

ராஜி (கெங்கேரி):

சேது சார் சொன்னதை முதலில் செய்யுங்கள். நான் 43-ஐப் பற்றி மட்டும் சொல்கிறேன்: அதை நம்ப முடியாது.

20-க்கு 7, 20-க்கு 4 என்பதை ஃபிஷர் சோதனையில் போட்டால் பி மதிப்பு கிட்டத்தட்ட 0.5 வரும். இரண்டு குழுவுக்கும் எந்த வேறுபாடும் இல்லாமலேகூட இப்படி ஒரு இடைவெளி வரலாம் என்று அர்த்தம். கட்டுப்பாட்டில் 35% சாவு, தடுப்பூசியில் 20% சாவு என்ற வேறுபாட்டை உறுதியாகப் பிடிக்கக் குழுவுக்குச் சுமார் 140 மீன் தேவைப்படும். கட்டுப்பாட்டில் 70%, தடுப்பூசியில் 30% என்று இருந்தால் 24 மீனே போதும். அதனால்தான் கட்டுப்பாட்டுக் குழுவில் குறைந்தது 60% சாக வேண்டும் என்ற பழைய விதியை இன்னும் எல்லோரும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த விதிப்படி தடுப்பூசிக் குழுவின் சாவு 24%-க்கு மேல் போகக்கூடாது, அதாவது ஆர்.பி.எஸ். 60. மீன் எண்ணிக்கையோடு தொட்டியையும் எண்ணுங்கள். குழுவுக்கு ஒரே ஒரு தொட்டி என்றால் தொட்டியின் கோளாறா தடுப்பூசியின் பலனா என்று பிரிக்க வழியில்லை. மூன்று தொட்டி வையுங்கள், எது எந்தக் குழு என்று சாவை எண்ணுபவருக்குத் தெரியக்கூடாது.

இரண்டாவது, நாள் கணக்கு. மீனுக்கு நோய் எதிர்ப்பு உருவாகும் வேகத்தைத் தண்ணீர்தான் தீர்மானிக்கிறது. துறையில் நாளை வெப்பநிலையால் பெருக்கி டிகிரி நாள் என்று கணக்கிடுவார்கள். பொதுவாக 400 முதல் 500 டிகிரி நாள் காத்திருப்பது வழக்கம். உங்கள் 14 நாள் × 20.5 என்பது 287. எதிர்ப்பொருள் சரியாக எழும்பும் முன்பே கிருமியைச் செலுத்திவிட்டீர்கள். பெங்களூரு ஜனவரியில் ஹீட்டர் இல்லாத தொட்டி ரோகு சோதனைக்கு ஏற்றதல்ல. 100 லிட்டருக்கு 100 வாட் தெர்மோஸ்டாட் ஹீட்டர் போட்டு 27, 28°செ.-ல் நிறுத்துங்கள், அப்போது 18 நாளில் 490 டிகிரி நாள் ஆகிவிடும். இந்தக் கணக்கு குளிர்நீர் மீன்களில் பிறந்தது என்பதால் ரோகுவில் அதை மட்டும் நம்பாமல் 14, 21, 28-ஆம் நாட்களில் சில மீனின் ரத்தம் எடுத்துத் திரட்டல் அளவு ஏறுகிறதா என்று பார்ப்பது முறை.

மூன்றாவது, இதைப் பலர் தவறவிடுகிறார்கள். வயிற்றறையில் எண்ணெய் போட்டால் அங்கே கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்களின் கூட்டம் தானாகக் கூடும். இரண்டு வாரத்தில் அதே வயிற்றறைக்குள் கிருமியைச் செலுத்தினால் அந்தக் கூட்டமே ஒரு பகுதியை விழுங்கிவிடும். தடுப்பூசியின் சிறப்பு எதிர்ப்பு எதுவும் இல்லாமலே உங்களுக்கு ஆர்.பி.எஸ். கிடைக்கும். ஆகவே உப்புநீர் மட்டும் போட்ட குழு ஒன்று, பி.பி.எஸ். + அட்ஜுவன்ட் போட்ட குழு ஒன்று, இரண்டு கட்டுப்பாடும் வேண்டும். ஒப்பீடு இரண்டாவதோடு. முடிந்தால் சேலஞ்சை, அதாவது கிருமியைச் செலுத்திச் சோதிப்பதை, தசை வழியாகவோ, செதில் சுரண்டிய மீனைக் கிருமி கலந்த தண்ணீரில் வைத்தோ செய்யுங்கள்.

தண்ணீரில் வைத்துச் செய்தால் ஒரு எச்சரிக்கை: காவிரிக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். மீன் சாகாத அளவு மிச்சமே உங்கள் கிருமியில் பெரும்பகுதியைக் கொன்றுவிடும். 1 மி.கி. குளோரினுக்குச் சுமார் 7 மி.கி. சோடியம் தயோசல்ஃபேட் போட்டு, கிட்டில் பூஜ்யம் என்று பார்த்த பிறகே கிருமியை ஊற்றுங்கள்.

முத்து (ஹெசரகட்டா):

ஃபார்மலின் பற்றி ஒரு திருத்தம். 1%-ல் 48 மணி நேரம் என்பது அதிகம். ஃபார்மால்டிஹைடு புரதங்களைக் குறுக்காகப் பிணைத்துத்தான் கிருமியைக் கொல்கிறது. பிணைப்பு மிஞ்சினால் மீனின் எதிர்ப்பு மண்டலம் பார்க்க வேண்டிய முகமே மாறிப்போகும். 0.5% போதும். அது கடையில் கிடைக்கும் 37% திரவத்தின் 0.5%, அதாவது லிட்டருக்கு 5 மி.லி. சிலர் இதையே 0.5% ஃபார்மால்டிஹைடு என்று படித்துவிட்டு 13 மி.லி.-க்கு மேல் ஊற்றுகிறார்கள். 28°செ.-ல் மெதுவாக ஆட்டிக்கொண்டு 24 மணி நேரம் வையுங்கள். வளர்ப்பும் 24 மணி நேரம் வேண்டாம், 16 முதல் 18 மணி நேரத்தில் நிறுத்துங்கள். ஃபார்மலின் ஊற்றும் முன் கட்டாயம் தட்டில் எண்ணிக்கை எடுங்கள், கொன்ற பிறகு அதை அறிய முடியாது.

ஒரு கழுவல் போதாது. மையவிலக்கியில் 4°செ.-ல் 6000 ஜி விசையில் 10 நிமிடம், மூன்று முறை. இதில் இன்னொரு ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. ஃபார்மலின் மிச்சம் இருந்தால் மலட்டுச் சோதனைத் தட்டில் எதுவும் வளராது. கிருமி செத்துவிட்டது என்று நினைப்பீர்கள், உண்மையில் அது அடங்கிக் கிடக்கும். தட்டில் 0.1 மி.லி. பரப்புவதோடு, 1 மி.லி.-ஐ 100 மி.லி. திரவ ஊடகத்திலும் விட்டு 72 மணி நேரம் பாருங்கள். அந்த நீர்ப்பில் ஃபார்மலின் வலுவிழக்கும், உயிரோடு ஒன்றிரண்டு இருந்தாலும் கலங்கிக் காட்டும். பிறகு 10 முதல் 20 மீனுக்கு இரட்டை அளவு போட்டு மூன்று வாரம் பார்த்துவிட்டுத்தான் சோதனைக்கு எடுக்க வேண்டும்.

குடல் ஒட்டுவது எண்ணெய் அட்ஜுவன்ட்டின் பக்கவிளைவு. 0 முதல் 6 வரையான ஸ்பீல்பெர்க் அளவில் மதிப்பிடுங்கள். ஊசி போட்ட இடத்தில் லேசான ஒட்டு 1, 2. உள்ளுறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கையால் பிரிக்கக் கஷ்டப்பட்டால் 3-ம் அதற்கு மேலும். 3 என்றாலே பண்ணைக்குப் போகும் பொருளில் ஏற்க முடியாது. உங்கள் மீன் 12 கிராம், அதற்கு 0.1 மி.லி. பெரிய சுமை. 15, 20 கிராம் மீனில் 0.05 மி.லி. போடுங்கள். 26 அல்லது 27 கேஜ் ஊசி, முனை 3, 4 மி.மீ. மட்டும் நுழையும்படி தடுப்பு வைத்து, இடுப்புத் துடுப்புக்குச் சற்று முன்னால் நடுக்கோட்டில். ஊசி ஆழமாகப் போய்க் குடலைத் துளைத்தால் ஓரிரு நாளில் சாகும், அது தடுப்பூசியின் கணக்கில் சேர்ந்துவிடும்.

ஃபிராயிண்டுக்குப் பதிலாக மீனுக்கென்றே வரும் மான்டனைட் ஐ.எஸ்.ஏ. 763 பாருங்கள். எடையில் 70 பங்கு எண்ணெய், 30 பங்கு கிருமிக் கரைசல். எண்ணெய் லேசானது என்பதால் கனஅளவில் கரைசலின் பங்கு கால்பங்கை ஒட்டித்தான் வரும். ஆகவே 0.05 மி.லி.-ல் 10⁸ செல் போக வேண்டுமானால் கரைசல் மி.லி.-க்குச் சுமார் 8×10⁹ ஆக இருக்க வேண்டும். உங்கள் இப்போதைய கலவையிலும் இதே சிக்கல் இருக்கிறது, சமபங்கு கலந்ததும் 0.1 மி.லி.-ல் 5×10⁷ மட்டுமே போயிருக்கிறது. குழம்பு சரியா என்று அறிய ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விடுங்கள், கலையாமல் முத்தாக மிதக்க வேண்டும். பரவிவிட்டால் குழம்பு உடைந்திருக்கிறது.

நிலா:

மூவருக்கும் மிக்க நன்றி. சேலஞ்ச் அளவை எப்படித் தீர்மானிப்பது? 10⁷ என்பது கட்டுரைகளில் பார்த்து எடுத்தது. மயக்கத்துக்குக் கிராம்பு எண்ணெய் போதுமா? தீவன வடிவம் பற்றிய கேள்வியும் மிச்சம் இருக்கிறது.

ராஜி:

இன்னொருவர் கட்டுரையில் இருக்கும் அளவு அவருடைய கிருமிக்கும் அவருடைய மீனுக்கும்தான். உங்கள் மீனில் எல்.டி.50, அதாவது பாதி மீன் சாகும் அளவைக் கண்டுபிடியுங்கள். முதலில் கிருமியை மூன்று முறை மீன் வழியாகக் கடத்துங்கள்: செலுத்து, சாகும் மீனின் சிறுநீரகத்திலிருந்து மீட்டு வளர், மறுபடி செலுத்து. பிறகு 10⁴ முதல் 10⁸ வரை ஐந்து அளவு, அளவுக்கு 10 மீன், உப்புநீர்க் குழு ஒன்று, 10 நாள். ரீட்-மியூன்ச் முறையில் கணக்கிட்டு, கட்டுப்பாட்டில் 60 முதல் 80% சாகும் அளவைத் தேர்ந்தெடுங்கள். அந்த அளவைத் தடுப்பூசிச் சோதனை நடக்கும் அதே வெப்பநிலையில்தான் கண்டுபிடிக்க வேண்டும், 21°செ.-ல் வந்த எண் 28°செ.-க்குப் பொருந்தாது. 100% சாகும் அளவை எடுத்தால் நல்ல தடுப்பூசியும் தோற்கும்.

சாவு எப்போது வருகிறது என்பதையும் பாருங்கள். 12 மணி நேரத்துக்குள் கொத்தாகச் செத்தால் அது தொற்று அல்ல, செலுத்திய திரவத்தில் இருந்த நச்சின் வேலை. வளர்ப்புத் திரவத்தை நீக்கி இரண்டு முறை கழுவிய செல்லை மட்டும் செலுத்துங்கள். தொற்று என்றால் முதல் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை பரவி வரும். செத்த ஒவ்வொரு மீனின் சிறுநீரகத்திலிருந்தும் அதே கிருமி மீண்டும் கிடைத்தால்தான் அந்தச் சாவைக் கணக்கில் எழுத வேண்டும். கலங்கல் அளவை மட்டும் நம்பி அளவு தீர்மானிக்காதீர்கள். ஊசி போடத் தொடங்கும்போது ஒரு தட்டு, முடித்ததும் ஒரு தட்டு. நடுவே மணிக்கணக்கில் வெளியே வைத்தால் முதல் தொட்டிக்கும் கடைசித் தொட்டிக்கும் ஒரே அளவு போயிருக்காது.

கிராம்பு எண்ணெய் போதும். நேராகத் தண்ணீரில் ஊற்றினால் மேலே படலமாக நிற்கும். 1 பங்கு எண்ணெயை 9 பங்கு எத்தனாலில் கரைத்து, அந்தக் கரைசலில் லிட்டருக்கு 0.4 முதல் 0.5 மி.லி. விடுங்கள். முதல் நாள் தீவனம் நிறுத்துங்கள், ஒரு தடவையில் 10 மீனுக்கு மேல் மயக்க வேண்டாம்.

சேது:

தீவனத்துக்கு இப்போதே மாற வேண்டாம். ஊசியில் இந்தக் கிருமி பாதுகாப்பு தருகிறது என்று நிரூபித்த பிறகு மாறுங்கள். இல்லாவிட்டால் தீவனத் தடுப்பூசி தோற்கும்போது கிருமி தவறா, வழி தவறா என்று தெரியாது.

வாய்வழியில் மீனின் வயிற்று அமிலம் தடுப்பூசிக் கிருமியைக் கெடுக்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது திலாப்பியாவுக்கும் பங்காசியஸுக்கும் பொருந்தும். ரோகு, கட்லா, மிர்காலுக்கு வயிறே கிடையாது, உணவு நேராகக் குடலுக்குப் போகிறது. அமிலத்தைத் தாங்கும் பூச்சுக்குச் செலவழித்துப் பயனில்லை. அங்கே சிக்கல் டிரிப்சின் போன்ற நொதிகளும், தீவனம் தண்ணீரில் கரைந்து மருந்து வெளியேறுவதும். எதிர்ப்பொருளாக்கி குடலின் பின்பகுதி வரை முழுதாகப் போய்ச் சேர வேண்டும், அங்கேதான் மீன் அதை உறிஞ்சும்.

இதற்கு நம் மாநிலத்திலேயே அருமையான வேலை நடந்திருக்கிறது. மங்களூரு மீன்வளக் கல்லூரியில் ஏரோமோனாஸை நீர்த்த ஊடகத்தில் கைட்டின் துணுக்குகள் மேல் படலமாக வளர்த்து, சூட்டில் கொன்று, கெண்டைகளுக்குத் தீவனத்தில் கொடுத்தார்கள். படலத்தைச் சுற்றியிருக்கும் பசைப்பொருள் குடல் நொதிகளிடமிருந்து செல்லைக் காக்கிறது. தனித்து மிதக்கும் செல்லைவிட அதிக எதிர்ப்பும் பாதுகாப்பும் கிடைத்தன. உங்கள் அடுத்த கட்டம் அதுதான் என்று நினைக்கிறேன். கொடுக்கும்போது தினமும் தொடர்ந்து கொடுக்காதீர்கள். உடல் அதை உணவாகவே எடுத்துக்கொண்டு எதிர்ப்பை அடக்கிவிடும் ஆபத்து இருக்கிறது. ஒரு வாரம் கொடுத்து, இரண்டு வாரம் இடைவெளி விட்டு, மறுபடி ஒரு வாரம்.

குஞ்சைத் தடுப்பூசித் தண்ணீரில் முக்கி எடுக்கும் முறையையும் மறக்க வேண்டாம். 1976-ல் அமெரிக்காவில் உரிமம் பெற்ற, யெர்சினியா ருக்கெரி என்ற மீன்நோய்க் கிருமிக்கான தடுப்பூசி முக்கி எடுப்பதுதான். 1 லிட்டர் தடுப்பூசியைத் தண்ணீர் சேர்த்து 10 லிட்டராக்கி, 30 விநாடி முக்கி, 100 கிலோ குஞ்சு வரை முடிக்கலாம். ஏரோமோனாஸில் அந்த அளவு பலன் வருவதில்லை, ஆனால் 4, 5 கிராம் குஞ்சுக்கு முதல் தவணையாக முக்கி எடுத்து, பிறகு தீவனத்தில் ஊக்கத் தவணை கொடுப்பது பண்ணையில் செய்யக்கூடிய காரியம்.

எட்வர்ட்சியெல்லா என்ற இன்னொரு மீன்நோய்க் கிருமிக்கும் இதையே செய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது மேக்ரோஃபேஜுக்குள்ளேயே புகுந்து வாழும், கொன்ற செல் தரும் எதிர்ப்பொருள் அங்கே எட்டாது. அமெரிக்கக் கெளுத்திப் பண்ணைகளில் அதனால்தான் வீரியம் குறைத்த உயிருள்ள கிருமிக்குப் போனார்கள்.

நிலா:

அப்படியானால் புதிய மாதிரி எடுப்பதிலிருந்து தொடங்குகிறேன். கடைசியாக ஒன்று: திரட்டல் சோதனைக்குச் சீரத்தை 56°செ.-ல் 30 நிமிடம் சூடாக்கச் சொல்லி எங்கள் பழைய குறிப்பில் இருக்கிறது. மீனுக்கும் அதுவேதானா?

முத்து:

அது பாலூட்டிகளின் சீரத்துக்கான எண். மீனின் காம்ப்ளிமென்ட் (சீரத்தில் கிருமியைத் தாக்கும் புரதங்கள்) 45°செ.-லேயே செயலிழக்கும், 30 நிமிடம் போதும். ரத்தத்தை வால் சிரையிலிருந்து எடுத்து, அறை வெப்பத்தில் ஒரு மணி நேரம் உறையவிட்டு, இரவு 4°செ.-ல் வைத்துச் சீரம் பிரியுங்கள். 20 கிராம் மீனில் கிடைப்பது மிகக் கொஞ்சம் என்பதால் ரத்தம் எடுக்கும் மீனைத் தனியாக ஒதுக்குங்கள், சேலஞ்சுக்குப் போகும் மீனைத் தொடாதீர்கள். சீரத்தை 20 மைக்ரோ லிட்டர் குப்பிகளாக -20°செ.-ல் வையுங்கள். ஒரே குப்பியை உருக்கி உறைய வைத்துக்கொண்டே இருந்தால் திரட்டல் அளவு இறங்கும்.